ஒரே சிறுவன், இரண்டு பாட்டு

கனடாவில் ஒரு ரயில் பாதையின் ஓரத்தில் 1966ஆம் ஆண்டு இறந்து கிடந்த சேனி வென்ஜாக் என்ற 12 வயதுச் சிறுவனுக்கு இரண்டு பேர் பாட்டுக் கட்டினார்கள். முதலாமவர் வில்லி டன். மாண்ட்ரியாலில் பிறந்தவர், தாய்வழியில் மிக்மாக் பூர்வகுடி. சாவு நடந்து சில ஆண்டுகளுக்குள், 1970களின் தொடக்கத்திலேயே, கிதாரோடு உட்கார்ந்து பாடிவிட்டார். நாட்டின் காதில் அது ஏறவில்லை. இரண்டாமவர் கோர்ட் டவுனி. வெள்ளையர், ‘தி ட்ராஜிக்கலி ஹிப்’ என்ற ராக் குழுவின் பாடகர். அவருடைய பாட்டு 2016இல் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் முதல் பிரதமர் வரை கேட்டார்கள்.

கதை ஒன்றுதான். அப்படியிருக்க முதல் பாட்டு ஏன் எடுபடவில்லை, இரண்டாவது ஏன் எடுபட்டது? எடுபட்டதில் அந்தச் சிறுவனின் வீட்டாருக்குக் கிடைத்தது என்ன? கலை நினைவைக் காக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. யார் வாயால் சொன்னால் காக்கும் என்பதை இந்த ஒரு நிகழ்வு அளவுக்குக் காட்டும் இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

பள்ளியும் பாதையும்

சேனி வென்ஜாக் 1954 ஜனவரி 19 அன்று ஒன்டாரியோவின் வடக்கே, ஆல்பனி ஆற்றங்கரையில் உள்ள ஒகோகி போஸ்ட் என்ற ஊரில் பிறந்தான். மார்ட்டன் ஃபால்ஸ் பூர்வகுடியினரின் ஊர் அது. அனிஷினாபே மக்கள். ஒன்பது வயதில், 1963இல், கெனோரா நகரத்தில் இருந்த செசிலியா ஜெஃப்ரி உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான்.

உறைவிடப் பள்ளி என்றதும் நம்மவர்களுக்கு ஊட்டியும் கொடைக்கானலும் நினைவுக்கு வரும். பணம் கட்டிச் சேர்க்கும் இடங்கள் அவை. இது வேறு. கனடா அரசு பணம் கொடுக்க, கிறித்தவத் திருச்சபைகள் நடத்த, பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, தாய்மொழியைப் பேசவிடாமல், வேறு மனிதர்களாக ஆக்கி அனுப்புவதற்கென்றே ஏற்பட்ட அமைப்பு. 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதற்குள் போனார்கள். நூறாண்டுக்கு மேல் ஓடிய இந்த ஏற்பாட்டின் கடைசிப் பள்ளிகள் 1990களில்தான் மூடப்பட்டன. செசிலியா ஜெஃப்ரியைப் பிரெஸ்பிட்டீரியன் சபை நடத்தியது. சேனி அங்கே போவதற்குப் பத்தாண்டுக்கு முன், 1948 முதல் 1952 வரை, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மீது அரசின் ஊட்டச்சத்துச் சோதனைகள் நடத்தப்பட்டிருந்தன. பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் யாரும் கேட்கவில்லை.

பள்ளியில் அவனுக்கு வைத்த பெயர் சார்லி. சேனி என்பது ஆசிரியர்களின் நாக்குக்கு வரவில்லையோ, வரவழைக்க விருப்பமில்லையோ.

1966 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. பள்ளி மைதானத்து ஊஞ்சல் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த சேனியும் அவனுடைய நண்பர்களான அண்ணன் தம்பி இருவரும் அப்படியே நழுவினார்கள். அதே நாளில் வேறு ஒன்பது பிள்ளைகளும் ஓடினார்கள், ஒரு நாளுக்குள் பிடிபட்டார்கள். ஓடிப்போவது அங்கே அதிசயம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மூவரும் நடந்து ரெடிட் என்ற சிற்றூருக்கு அருகே இருந்த, அந்தச் சகோதரர்களின் மாமா குடிசையை அடைந்தார்கள். சகோதரர்களுக்குப் போய்ச் சேர ஓர் உறவு இருந்தது. சேனியின் உறவு 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. சில நாள் கழித்து அவன் தனியாக ரயில் பாதையைப் பிடித்து நடக்கத் தொடங்கினான். அவனுக்கு அது எவ்வளவு தூரம் என்று தெரியாது.

உடம்பில் மெல்லிய பருத்தி மேலங்கி. கையில் திருகு மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டி, அதற்குள் தீக்குச்சிகள். உறைபனிக்குளிரில், பனிமழையில், சுமார் 36 மணி நேரம் நடந்தான். அக்டோபர் 23 காலையில் ஒரு ரயில் ஓட்டுநர், ஃபார்லேன் என்ற இடத்துக்கு அருகே, தண்டவாளத்தை ஒட்டி அவன் கிடப்பதைப் பார்த்தார். புட்டியிலிருந்த குச்சிகள் நனையவில்லை.

நவம்பரில் கெனோராவில் மரண விசாரணை நடந்தது. இந்தியருக்கான இந்தக் கல்வி முறை பிள்ளைகளின் மனத்தைப் பெரிதும் பாதிக்கிறது, இந்த முறையும் இதன் பின்னுள்ள எண்ணமும் சரிதானா என்று ஆராயப்பட வேண்டும் என ஜூரிகள் எழுதி வைத்தார்கள். ‘சரிதானா’ என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு அரசு அன்று பதில் சொல்லவில்லை.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளியிலிருந்து ஓடி வழியில் இறந்த ஒரே பிள்ளை சேனி அல்லன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் லெஜாக் பள்ளியிலிருந்து ஓடிய நான்கு சிறுவர்கள் 1937 புத்தாண்டு நாளில் உறைந்த ஏரியின் மேல் இறந்தார்கள். ஓடி இறந்தவர்கள் குறைந்தது 33 பேர் என்று, உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரிக்க ஏற்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பின்னாளில் கணக்கிட்டது. சேனியை நாடு அறிந்ததற்குக் காரணம், மரண விசாரணை நடந்ததும் ஒரு பத்திரிகையாளர் அதைத் தொடர்ந்து போனதும்தான். ‘மெக்லீன்ஸ்’ இதழில் 1967 பிப்ரவரியில் இயன் ஆடம்ஸ் எழுதிய கட்டுரை அது. நல்ல கட்டுரை, கோபமான கட்டுரை. ஆனால் தலைப்பிலேயே ‘சார்லி’ என்று இருந்தது. பள்ளி கொடுத்த பெயர் பத்திரிகை வழியாகப் பரவியது, அங்கிருந்து வில்லி டன்னின் பாட்டுக்கும் போயிற்று.

முன்னிலையும் தன்மையும்

டன்னின் பாட்டு அந்தச் சிறுவனைப் பார்த்துப் பேசுகிறது. நடடா, நட என்று பனிக்குள் போகும் பையனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுக்கிறார். நம்முடைய ஒப்பாரியும் இப்படித்தான்: போனவரை ‘நீ’ என்று கூப்பிட்டுத்தான் அழுவோம், அவர் எங்கோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற பாவனையில். பாட்டைக் கேட்கிறவரிடம் டன் எதையும் கெஞ்சவில்லை, எதையும் விளக்கவும் இல்லை. தன் வீட்டுப் பையனிடம் பேசுகிறார், நாம் ஓரமாக நின்று கேட்கிறோம்.

டவுனியின் பாட்டுகள் எதிர்த் திசையிலிருந்து வருகின்றன. ‘சீக்ரெட் பாத்’, அதாவது ரகசியப் பாதை, என்ற அந்த ஆல்பத்தில் பத்துப் பாட்டுகள். முதல் பாட்டு ‘நான்’ என்று தொடங்குகிறது. அந்த ‘நான்’ சேனி. ஊஞ்சலுக்கு ஒரு பாட்டு, ஏழு தீக்குச்சிகளுக்கு ஒரு பாட்டு என்று நடையை உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டு போகிறது. ஐம்பது வயதைக் கடந்த வெள்ளைக்காரர் ஒருவர் அனிஷினாபேச் சிறுவனின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு ‘நான்’ என்று சொல்லலாமா? எனக்கு இன்றுவரை இது முழுதாகச் செரிக்கவில்லை. ஆனால் அந்த ‘நான்’தான் வேலை செய்தது என்பதையும் மறுக்க முடியாது. கேட்கிறவன் ஓரமாக நிற்க முடியாது. அந்தக் குளிர் அவனுக்கும் உறைக்கிறது.

ஆல்பத்தோடு சேர்ந்து ஜெஃப் லெமியர் வரைந்த கிராஃபிக் நாவல் ஒன்றும் வந்தது. அதில் யாரும் பேசுவதில்லை, உரையாடல் குமிழ்களே கிடையாது. நடக்கும் நேரம் முழுக்க நீல நிறம். வீட்டு நினைவு வரும்போது மட்டும் வண்ணம் திரும்புகிறது. பாட்டு எங்கே சிறுவனின் சார்பில் அளவுக்கு மீறிப் பேசிவிடுகிறதோ என்ற என் சங்கடத்தை அந்த மௌனமான படங்கள் பாதி தீர்த்துவைத்தன. குரலை ஒருவர் எடுத்துக்கொண்டார், மற்றவர் வாயை மூடிக்கொண்டு நடையை மட்டும் காட்டினார்.

கடன் வாங்கிய கவனம்

டன் பாடிய காலத்தில் பூர்வகுடிப் பாடகர்களின் இசைத்தட்டுகள் சிறிய கம்பெனிகளிலிருந்து சொற்பப் பிரதிகளாக வந்தன, பிறகு கடைகளிலிருந்து மறைந்தன. உறைவிடப் பள்ளிகள் அப்போதும் நடந்துகொண்டிருந்தன. திறந்திருக்கும் பள்ளியைப் பற்றிய பாட்டு அஞ்சலியாக ஒலிக்காது, குற்றச்சாட்டாகத்தான் ஒலிக்கும். குற்றச்சாட்டைக் கேட்க வானொலி யாருக்கு வேண்டும்? ட்ரெண்ட் பல்கலைக்கழகத்தில் மட்டும் பூர்வகுடி மாணவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1973இல் ஓர் அரங்கத்துக்கு வென்ஜாக் பெயர் வைக்கப்பட்டது. மற்றபடி பெரிய அமைதி.

2012இல் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி வானொலியின் தண்டர் பே நிருபர் ஒருவர் சேனியைப் பற்றி ஓர் ஆவணத் தொகுப்பு செய்தார். அதைக் கேட்ட மைக் டவுனி தம்பி கோர்டிடம் சொன்னார். தம்பி பத்துக் கவிதைகள் எழுதினார், அவை 2013 இறுதியில் பாட்டுகளாகப் பதிவாயின. வில்லி டன் இறந்ததும் அதே 2013இல்தான், ஆகஸ்டில். ஒருவர் குரல் அடங்கிய சில மாதங்களில் இன்னொருவர் அதே சிறுவனுக்காக ஸ்டுடியோவுக்குள் நுழைந்திருக்கிறார்.

பதிவான பாட்டுகள் மூன்றாண்டுகள் வெளியே வரவில்லை. 2016 மே மாதம் டவுனிக்குக் குணப்படுத்த முடியாத மூளைப் புற்றுநோய் என்ற செய்தி வந்தது. ஆகஸ்ட் 20 அன்று கிங்ஸ்டன் நகரில் அவருடைய குழுவின் கடைசிக் கச்சேரி. சிபிசி நேரலையாக ஒளிபரப்பியதைப் பார்த்தவர்கள் சுமார் 1.17 கோடி பேர், கிட்டத்தட்ட நாட்டில் மூன்றில் ஒருவர். அரங்கில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இருந்தார். பாட்டுக்கு நடுவே டவுனி அவரைப் பெயர் சொல்லி அழைத்து, வடக்கே இருக்கும் மக்களைப் பற்றிப் பேசினார். அவர்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கத்தான் நாம் வாழ்நாள் முழுக்கப் பழக்கப்பட்டிருக்கிறோம் என்ற பொருளில் சொன்னார். அழ வந்த கூட்டத்தின் கண்ணீரை அப்படியே வேறு பக்கம் திருப்பிவிட்டார். ஆல்பமும் நாவலும் அக்டோபர் 18 அன்று வந்தன. அவற்றை வைத்து எடுத்த அசைவூட்டப் படம் அக்டோபர் 23 அன்று, சேனி கண்டெடுக்கப்பட்டு ஐம்பது ஆண்டு நிறைந்த நாளில், ஒளிபரப்பானது.

எனவே முதல் கேள்விக்கு விடை கசப்பானது. சேனியின் சாவை நாடு கேட்டது, டவுனியின் சாவைக் கேட்க வந்த இடத்தில். ஒரு மரணத்துக்குக் கூடிய கவனத்தை இன்னொரு மரணத்துக்குக் கடன் கொடுத்தார் அவர், அதைத் தெரிந்தே செய்தார். டன்னிடம் கடன் கொடுக்க அப்படி எதுவும் இல்லை. டன்னின் பாட்டு தாழ்ந்தது என்பது இதற்குப் பொருள் அல்ல. என்னைக் கேட்டால் இரண்டில் அதுதான் தனித்து நிற்கும் பாட்டு. அவருடைய மற்றப் பாட்டுகள் சில 2014இல் வந்த ஒரு தொகுப்பு வழியாக மறுபடி கேட்கக் கிடைத்தன. அப்போது அவர் உயிரோடு இல்லை.

வீட்டுக்குப் போனது

பாட்டுகள் பதிவானது 2013இல். டவுனி ஒகோகி போஸ்ட்டுக்குப் போய்ச் சேனியின் சகோதரிகளைப் பார்த்தது 2016 செப்டம்பரில். இந்த வரிசை எனக்கு இடிக்கிறது. பாட்டு முதலில், வீடு பிறகு. ஆனால் போனார். நோயாளியாக, சாலையே இல்லாத அந்த ஊருக்கு விமானத்தில் போனார். அந்தப் பயணம் படத்தின் ஒரு பகுதியானது. ஒட்டாவா மேடையில் பாட்டுகள் அரங்கேறியபோது சேனியின் சகோதரி பேர்ல் வந்து தம் மொழியில் பாடினார். ஒரு மணி நேரம் ‘நான்’ என்று சேனியாகப் பேசிய குரலுக்குப் பிறகு, அவனை உண்மையாகவே அறிந்த ஒருவரின் குரல். அதுவரை நிகழ்ச்சியாக இருந்தது அந்த நிமிடத்தில்தான் இழவு வீடாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

குடும்பம் சொன்ன பெயர்தான் ஆல்பத்தோடு சேர்ந்து நாடு முழுக்கப் போனது. ஐம்பது ஆண்டு சார்லியாக இருந்தவன் சேனியானான். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆணையம் 2015இல் வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் சின்னதாகத் தெரியாது: பதிவான சுமார் 3,200 மரணங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயரைக்கூட அரசும் பள்ளியும் எழுதி வைக்கவில்லை. ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சாவின் காரணமும் இல்லை. 2019இல் 2,800 பெயர்களை எழுதிய 50 மீட்டர் நீளச் சிவப்புத் துணி ஒன்று விரிக்கப்பட்டது. பெயர் இருந்தவர்களுக்குத்தான் அந்தத் துணியில் இடம்.

ஆல்பத்திலும் நாவலிலும் கிடைத்த பணம் உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்துக்குப் போனது. 2016 டிசம்பரில் பூர்வகுடிகளின் தேசிய அமைப்பான முதல் குடிகளின் பேரவை டவுனிக்கு நட்சத்திரப் போர்வை போர்த்தி, ‘நட்சத்திரங்களுக்கிடையே நடப்பவர்’ என்று பொருள்படும் லக்கோட்டா மொழிப் பெயரைச் சூட்டியது. 2017 அக்டோபர் 17 அன்று அவர் இறந்தார். இருவர் பெயரிலும் ஏற்பட்ட அறக்கட்டளை பள்ளிகளுக்குப் புத்தகங்களும் பாடப்பொருள்களும் அனுப்புகிறது. டவுனி இறந்த நாளுக்கும் சேனி இறந்த நாளுக்கும் இடைப்பட்ட நாள்களில் ஆண்டுதோறும் ஒரு வாரம் கடைப்பிடிக்கிறது. அறக்கட்டளையின் பெயரில் பாடகர் பெயர் முன்னால் வருகிறது, சிறுவன் பெயர் பின்னால். யாரும் கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் கண்ணில் படுகிறது.

டொராண்டோ பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளை நினைவுகூரும் செப்டம்பர் 30 வந்தால் பிள்ளைக்கு ஆரஞ்சுச் சட்டை தேட வேண்டும். 1973இல் ஆறு வயதுச் சிறுமியாக உறைவிடப் பள்ளிக்குப் போன முதல் நாளில் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் போட்டிருந்த புத்தம்புதிய ஆரஞ்சுச் சட்டை பிடுங்கப்பட்டது, அதன் நினைவாக.

எதிரே வைத்துப் பார்க்க

இதன் பக்கத்தில் வைக்க வேண்டிய இன்னொரு நிகழ்வு வான்கூவர் தீவில் இருக்கிறது. ஆல்பர்னி உறைவிடப் பள்ளி, மேலே சொன்ன ஊட்டச்சத்துச் சோதனை நடந்த பள்ளிகளில் இன்னொன்று. 1950களின் கடைசியிலும் 60களிலும் ராபர்ட் ஆலர் என்ற ஓவியர் அங்கே சம்பளம் இல்லாமல் வந்து பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். மனத்தில் இருப்பதை வரையுங்கள் என்று விட்டுவிட்டார். பிள்ளைகள் வரைந்ததைக் காலமெல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு அவருடைய குடும்பம் அந்தச் சேகரிப்பை விக்டோரியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. மானிடவியல் பேராசிரியர் ஆண்ட்ரியா வால்ஷும் அந்தப் பள்ளியிலிருந்து மீண்டவர்களும் சேர்ந்து, வரைந்தவர்கள் யார், எந்த ஊர் என்று தேடினார்கள். 2013இல் போர்ட் ஆல்பர்னியில் விருந்து வைத்து, மரபு முறைப்படி, ஓவியங்களை வரைந்தவர்கள் கையிலும் குடும்பத்தார் கையிலும் திருப்பிக் கொடுத்தார்கள்.

இங்கே யாரும் யாருக்காகவும் ‘நான்’ சொல்லவில்லை. பிள்ளை தானே வரைந்தது. கண்காட்சியில் வைப்பதா வேண்டாமா என்பதை வரைந்தவர் முடிவு செய்கிறார். ஆனால் இந்த ஓவியங்களைப் பார்க்க ஒரு கோடிப் பேர் வரவில்லை. ‘சீக்ரெட் பாத்’ பரவிய தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தச் செய்தி போகவில்லை.

இரண்டுக்கும் நடுவே நிற்பது கேரி நியூமனின் ‘சாட்சிப் போர்வை’. அவருடைய தந்தை உறைவிடப் பள்ளியில் இருந்தவர். நாடெங்கும் இருந்த பள்ளிகளிலிருந்தும் மக்களிடமிருந்தும் வந்த 800க்கும் மேற்பட்ட பொருள்களை, கதவு, சிறு காலணி, வெட்டிய சடை என்று, தேவதாரு மரச் சட்டங்களில் பொருத்திய 12 மீட்டர் நீளப் படைப்பு. அதை ஓர் அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கும்போது 2019இல் ஓர் உடன்படிக்கை செய்தார். தாளில் எழுதியது ஒரு பாதி, பூர்வகுடியினர் சடங்குகளுக்குக் கூடும் பெருமனையில் சடங்காகச் சொல்லி நிறைவேற்றியது மறு பாதி. அதன்படி போர்வைக்கே உரிமைகள் உண்டு. அருங்காட்சியகம் உடைமையாளர் அல்ல, பொறுப்பாளர்.

அதே ஆண்டில்

நாடு சேனிக்காக அழுத 2016இல் வேறு இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஜனவரியில் கனடாவின் மனித உரிமைத் தீர்ப்பாயம், பூர்வகுடிக் குழந்தைகளின் நலச் சேவைக்கு அரசு குறைவாகப் பணம் ஒதுக்கியது பாகுபாடு என்று சொன்னது. ஜூனில் தண்டர் பேயில் நீண்ட மரண விசாரணை ஒன்று முடிந்தது. 2000 முதல் 2011 வரை, வடக்கத்திய ஊர்களிலிருந்து உயர்நிலைப் பள்ளி படிக்க அந்த நகரத்துக்கு வந்த ஏழு பூர்வகுடி இளைஞர்கள் இறந்தது பற்றிய விசாரணை. ஐந்து பேரின் உடல்கள் ஆறுகளில் கிடைத்தன. ஜூரிகள் 145 பரிந்துரைகள் எழுதினார்கள். கெனோராவின் ஜூரிகள் ‘சரிதானா’ என்று கேட்டு அப்போது ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது.

அந்த எழுவரையும் ஏழு இறகுகளாகச் சொல்லும் ஓவியம் ஒன்று உண்டு. வரைந்தவர் கிறிஸ்டியன் மொரிசோ. எழுவரில் ஒருவன் அவருடைய மகன். அந்த ஓவியத்தின் முன் நிற்கும்போது யார் யாருக்காகப் பேசலாம் என்ற கேள்வியே எழுவதில்லை.

சேனியின் ஒகோகி போஸ்ட்டில், டவுனி போய் இறங்கிய ஆண்டில், குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை பதினோரு ஆண்டாக நடப்பில் இருந்தது. ஊரில் பள்ளிக்கூடம் உண்டு, எட்டாம் வகுப்பு வரை. அதற்கு மேல் படிக்க விரும்பும் பிள்ளை விமானம் ஏறித் தண்டர் பே போன்ற ஒரு நகரத்துக்குப் போக வேண்டும்.